டேட்டாபேஸுக்கு வாங்கிய மாலை

கடந்த ஆறு மாதத்தில் டேட்டாபேஸ் எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்கிற ரிப்போர்ட் மதியத்துக்குள் வேண்டும் என்று சென்னையிலிருந்து மேனேஜர் செங்கல்வராயன் நந்தினியிடம் போனில் சொன்னார்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் வாங்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை அவள் பொறுப்பு. எந்தப் படகு எவ்வளவு மீன் போட்டது என்பதெல்லாம் அங்கிருக்கும் டேட்டாபேஸில்தான் ஏறும். அதற்கு உயிர் இருக்கிறதா என்று ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மானிட்டரிங் டூலில் நாலு பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் வந்து விழும். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் என்னவென்றால், டேட்டாபேஸை நிறுத்தியதே நந்தினிதான்.

சும்மா வம்புக்கு நிறுத்தவில்லை. டேட்டாபேஸ் நின்றால் டூல் உடனே சென்னையில் இருக்கும் ஆல்வினுக்குத் தகவல் அனுப்பும். ஆல்வின் உடனே இவளுக்குப் போன் போடுவான். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அறையை இரண்டு பேரும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். இவள் ஒயரைப் பிடிக்க, அவன் ஆணி அடித்தான். ஒரு சாமான் குறைந்தால் பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரியில் ரயிலேறிச் சென்னை போய் வருவார்கள். ஜன்னலோர இடம் எப்போதும் அவளுக்கு, வேர்க்கடலைப் பொட்டலத்தில் பெரும்பங்கும் அவளுக்கு. ஏசி போட்ட புதிதில் குளிர் தாங்காமல் வெளியே ஓடி, மணலில் ஏற்றி வைத்த படகோரம் உட்கார்ந்து, சோற்று டப்பாவைத் திறப்பார்கள். என்ன நாட்கள் அவை! எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், இங்கே ஒரு ஆள் போதும், மெஷினை அங்கிருந்தே இயக்கிக்கொள்ளலாம் என்று ஆல்வினைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு!

சும்மா கூப்பிட்டு 'சாப்பிட்டாயா' என்று கேட்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. ஒரு புயல் நாளில் டேட்டாபேஸ் நிஜமாகவே நின்று, அவன் அரைமணி நேரம் பேசினான். அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான்.

ரிப்போர்ட்டைப் பார்த்தவள் திகைத்தாள். அவள் நிறுத்தியதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. உப்புக்காற்றில் மெஷின் தானாகவும் படுத்துக்கொள்கிறது போலிருக்கிறது, பாவம். அந்த நேரங்களில் இவள் கவனிப்பதற்கு முன்பே ஆல்வின் கூப்பிட்டிருக்கிறான். என்ன பொறுப்பான பிள்ளை!

வேலை போனால்கூடப் பரவாயில்லை. ஆல்வினுக்குத் தெரிந்துவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? காரணம் என்ற இடத்திலெல்லாம் 'ஏல நேர நெரிசல்' என்று போட்டு அனுப்பினாள்.

பத்தாவது நிமிடம் மேனேஜர் கூப்பிட்டார். அதில் ஒரு நாள் குப்பத்தில் சாவு, ஒரு படகும் இறங்கவில்லை, ஒரு கிலோ மீன்கூட வரவில்லை, எந்த ஏலத்தில் என்ன நெரிசல் என்று நிதானமாகக் கேட்டார். அவர் நிதானம்தான் பயமாக இருந்தது.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று மாற்றினாள். திட்டமிட்டதென்றால் படகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா? டூல் தன் கடமையைச் செய்தது. இன்று கம்பெனி இயங்காது என்று குப்பத்துப் போன்களுக்கெல்லாம், ஒரு திருத்தத்துக்கு ஒன்றாக, வரிசையாகச் செய்தி பறந்தது.

குப்பத்தில் யாராவது இறந்தால் யாரும் தொழிலுக்குப் போவதில்லை, கம்பெனியும் மூடிவிடும். இதுவரை அப்படிச் செய்தி வந்ததெல்லாம் சாவுக்குத்தான். இன்றைக்கு ஒன்றுக்குப் பத்தாக வந்திருக்கிறதே! பழவேற்காடு ஏரிக்குக் கிளம்பிய படகுகள் திரும்பிவிட்டன. முதல் ஆளாக வந்து நின்றவர் அவள் அப்பா கோதண்டம். கையில் ரோஜா மாலை.

"பூட்டது யாரும்மா? பழவேற்காடு போயி மாலையே வாங்கியாந்துட்டேன். எந்த வூட்டுக்குப் போணும்னு சொல்லு."

"யாரும் சாவல நைனா. டேட்டாபேஸ்தான் நின்னுச்சு."

"அது யாரு, வெளியூரா?"

அவருக்கு விளக்குவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நந்தினி இன்னொரு செய்தி அனுப்பினாள். முந்தைய செய்தி தவறு, யாரும் இறக்கவில்லை, எல்லாரும் தொழிலுக்குப் போகலாம். அதோடு தீர்ந்தது கதை. மீன் வேண்டும் என்பதற்காகக் கம்பெனி சாவையே மறைக்கிறது என்று குப்பம் கொதித்தது. இருந்த ஒன்றிரண்டு படகுகளையும் கரைக்கு இழுத்துவிட்டார்கள். மீன் ஏற்ற வந்த லாரி காலியாக நின்றது. செத்தது யாரென்று தெரியாமலே நாலைந்து பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். மாலையை எங்கே வைப்பதென்று புரியாமல் கோதண்டம் அதை மெஷின் மேலேயே வைத்தார்.

மாலையும் கழுத்துமாக மெஷினைப் பார்த்ததும் நந்தினி உடைந்துபோனாள். இனி ஒரு பொய்கூடத் தாங்காது. மேனேஜருக்குப் போன் போட்டாள். எடுத்தது அவருடைய உதவியாளர் ரோசி. யாராயிருந்தால் என்ன என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். டேட்டாபேஸை நிறுத்தியது தான்தான், ஆல்வின் குரலைக் கேட்கத்தான், ஆனால் எல்லாம் இல்லை, அதில் பாதிதான், மீதி மெஷின் கோளாறு. சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

மறுமுனையில் ரோசி சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அழுவாதக்கா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. இங்க காலையிலேர்ந்து ஆல்வின் அண்ணன் மேனேஜர் எதிர்ல குந்திக்கினு, 'பாதிய நான்தான் சார் நிறுத்தினேன், மீதி பாதி யாருன்னு சத்தியமா தெரியாது'ன்னு அழுதுக்கினு கீறாரு."