தாடியோடு பிறந்த என் பிள்ளை

என் நண்டுக்கு,

மெலிட்டா எழுதுவது. நான் நலம். ஆடு இரண்டும் நலம். கூரை மட்டும் வடக்கு மூலையில் நலமில்லை. உன் நலம் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் ஐந்து வருஷமாகக் கல்லறையில் இருக்கிறவனிடம் அதைக் கேட்டால் குத்திக்காட்டுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கே நீயும் இல்லை, ஊரார் உன் அளவுக்குப் பார்த்து வைத்த கல்தான் இருக்கிறது. இருந்தாலும் உனக்குச் சேர வேண்டிய பாலையும் தேனையும் அந்தக் கல்லடியில் இருக்கிற துளையில்தானே ஊற்றுகிறோம், கடிதமும் அந்த வழியாகவே வரட்டும். உன் வலையில் இருந்த ஈயக் குண்டுகளைத் தட்டித் தகடாக்கி ஆணியால் கீறுகிறேன். எண்ணெய் ஜாடிகளுக்கு அடையாளம் போட அப்பா சொல்லிக்கொடுத்த எழுத்துதான் எனக்குத் தெரிந்த எழுத்து. எங்கேயாவது புரியாவிட்டால் பக்கத்தில் கிடக்கிற படித்த பிணம் யாரிடமாவது கேட்டுக்கொள்.

விஷயம் என்னவென்றால், உங்கள் கப்பல் தலைவர் அல்கிப்போஸ் உயிரோடு வந்துவிட்டார். ஆமாம், அவரேதான். கப்பலின் உடைந்த முகப்பு கரை ஒதுங்கிய அன்றைக்கு முப்பத்தொரு பேருக்கும் சேர்த்துக் கருமாதி செய்து, ஒவ்வொருவர் பேரையும் கடலைப் பார்த்து மும்முறை கூப்பிட்டு, அவருக்குப் பெரிய கல்லும் பக்கத்திலேயே உனக்குச் சின்னக் கல்லும் நட்டோமே, அந்தப் பெரிய கல்லுக்குச் சொந்தக்காரர் போன அமாவாசைக்கு மறுநாள் ஆட்டுத்தோல் ஏற்றி வந்த படகில் தோலோடு தோலாக வந்து இறங்கினார். பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு தப்பினாராம். ஏதோ ஒரு ஊரில் பிடித்து வாற்கோதுமை அரைக்கும் கல்லில் கட்டிவிட்டார்களாம். தலைவன் என்று தெரிந்தால் பகையாளியிடம் கொடுத்துவிடுவார்கள் என்று ஊமை வேஷம் போட்டு ஐந்து வருஷம் வாயே திறக்கவில்லையாம். அந்தத் தந்திரத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் ஐந்து வருஷம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் நம் துறைமுகத்தில் அல்லவா அவிழ்ந்தது! ஒரே பகலில் முப்பது விதவைகளுக்கும் முப்பது வீரச் சாவு கொடுத்தார். பிலின்னாவின் புருஷன் திமிங்கிலத்தின் வாயைப் பிளந்தபடி செத்தானாம். அவன் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவான், உனக்குத் தெரியும். என்னிடம் வந்து, தோளில் கை வைத்து, "உன் எர்மோன் ஒத்தைத் துடுப்பை வெச்சுக்கிட்டு இருபது ஈட்டிக்காரங்களைத் தடுத்தான்" என்றார். சந்தையில் ஒரு வாத்து சீறினால் பக்கவாட்டில் நடந்தே போய்விடுகிறவன் நீ. அதற்காகத்தானே உனக்கு நண்டு என்று பேர் வைத்தேன். நான் அவர் கையை மெதுவாக எடுத்துக் கீழே விட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ எப்படிப் போனாய்? ஐந்து வருஷமாக நாளைக்கு ஒரு சாவாக உனக்கு நானே யோசித்துப் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் செத்துவிட்டாய். எது உன்னுடையது என்று தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிடுவேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல இந்த உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் இந்தப் பொய்யர்.

நல்ல வேளையாக, அவரும் ஒரு சிக்கலில் மாட்டினார். நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனவரைப் பூசாரி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நில்லுங்க. நீங்க செத்துட்டீங்க."

"யோவ், நல்லாப் பாரு. மூச்சு விடறேன்."

"மூச்சு விடறது உங்க சொந்த விஷயம். கருமாதி முடிஞ்சா முடிஞ்சதுதான். உங்க பேர்ல வெட்டின காளையை ஊரே சாப்பிட்டுச்சு. செத்தவங்க உள்ள வந்தா சாமிக்குத் தீட்டு."

வீட்டுக்குப் போனால் அவர் பெண்சாதி ஆர்கிப்பே கதவை ஒரு சாண் திறந்து, "புருஷனா வந்தா சோறு இருக்கு, பொணமா வந்தா வாசல்லயே நில்லுங்க. நான் தலை மழிச்சு அழுதது சும்மா இல்ல" என்று சாத்திவிட்டாள். பாவம், அவர் மூன்று நாள் தன் கல்லறையிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். நான் உனக்குப் பால் ஊற்றப் போனால், "கொஞ்சம் இங்கயும்" என்று பார்ப்பார். ஊற்றவில்லை.

இதற்குப் பழைய காலத்திலிருந்தே ஒரு வழி உண்டு. செத்தவன் உயிரோடு திரும்பினால் மறுபடி பிறக்க வேண்டும். பெண்கள் கூடிக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பால் புகட்டி, கணப்பு நெருப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, பொழுது சாய்வதற்குள் தாய் ஒரு பேர் வைக்க வேண்டும். தாய் பேர் வைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பிணம்தான். அல்கிப்போஸ் இதைக் கேட்டுவிட்டு, தனக்குப் பதிலாகத் தன் ஈட்டியைத் துணியில் சுற்றிக் குளிப்பாட்டலாமே என்று யோசனை சொன்னார். "ஈட்டியா செத்துச்சு?" என்றார் பூசாரி.

தாய் யார் என்று கேள்வி வந்தது. அவரைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்படியானால் கருமாதி அன்று அவருக்காக யார் அதிகமாக அழுதாளோ அவளே தாய் என்றார் பூசாரி. ஊரே ஒரே குரலில் "மெலிட்டா!" என்றது. நண்டே, நான் அழுதது உனக்காக. உன் கல் அவர் கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததும், வெயில் கண்ணில் அடித்ததால் நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததும் என் குற்றமா? என் அழுகையை அவர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே. "நானா? துடுப்பு போடறவன் பொண்டாட்டிக்கு நான் புள்ளையா?" என்றார். பிலின்னா, "ஏன், உங்களை வயித்துல சுமக்கப் போறது அவ, உங்களுக்கு என்ன வலிக்குது?" என்று கேட்டுவிட்டாள்.

ஆகக் கூடி நேற்று விடிந்ததும் எனக்குப் பிள்ளை பிறந்தது. வாசலில் ஒலிவக் கொத்து கட்டினார்கள். ஆண் குழந்தை பிறந்தால் கட்டுவது. நம் வாசலில் அதைக் கட்ட நீயும் நானும் எவ்வளவு ஆசைப்பட்டோம், கடைசியில் நாற்பத்தைந்து வயதில் தாடியோடு ஒன்று வந்து சேர்ந்தது. தொட்டி போதவில்லை என்று திராட்சை மிதிக்கும் பள்ளத்தில் போட்டுக் குளிப்பாட்டினோம். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம் என்று பிலின்னா ஒரு ஜாடியையே கவிழ்த்துவிட்டாள், அப்புறம் பிடிக்கிற இடமெல்லாம் வழுக்கி அவர் இரண்டு முறை வாசல் வரை போய்வந்தார். பன்னிரண்டு முழம் துணி சுற்றி, கை இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கட்டி, மூக்கும் தாடியும் மட்டும் வெளியே தெரிய வைத்தோம். பாலாடையில் ஆட்டுப்பால் புகட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார், மூக்கைப் பிடித்தேன், திறந்தார். உன் அம்மா சொல்லிக்கொடுத்தது. ஏழு பெண்கள் தூக்கிக்கொண்டு கணப்பைச் சுற்றும்போது எண்ணெய்க் கையில் கால் பக்கம் நழுவி, தலை பக்கம் நெருப்பை நோக்கிச் சாய்ந்து, தாடியில் பாதி பொசுங்கி, அந்த நாற்றத்தில் நம் ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடிக்க அந்த ஏழு பேரும் அவரை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் பகைவர் கோட்டைக்குள் மாறுவேஷத்தில் நுழைந்து பேர் வாங்கிய மனிதர், முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்ட வழியில்லாமல் கிடந்தார்.

வீட்டில் நானும் அவரும்தான். நான் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெலிட்டா, இந்த ஈயை ஓட்டு."

"அம்மான்னு கூப்பிடணும்."

கொஞ்ச நேரம் ஈ நடந்தது. "அம்மா" என்றார்.

ஓட்டினேன். "எர்மோன் எப்படிச் செத்தான்?"

"அதான் சொன்னேனே, இருபது ஈட்டி..."

"அவனை எனக்குத் தெரியும். நிஜத்தைச் சொல்லுங்க."

"சரி. நான் கடல்ல விழுந்தேன். என்னைக் காப்பாத்தக் குதிச்சான். என்னை மேல தள்ளிட்டு அவன்..."

"அவன் தண்ணியில குதிக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை காலை நனைச்சுப் பாப்பான். அதுக்குள்ள நீங்க போயிருப்பீங்க. பொழுது சாயுது, தலைவரே. நான் பேர் வைக்கலேன்னா அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் கல்லுல போய்ச் சாஞ்சுக்க வேண்டியதுதான்."

ஈ திரும்பி வந்தது. நான் ஓட்டவில்லை. அவர் மேலே கூரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்க்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணுக்குப் போகக் கப்பல் ஓரத்துல நின்னான். அலை அடிச்சுது. திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல. அவ்வளவுதாம்மா. இதைப் போய் உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

இதை நம்பினேன். இதில் வீரம் இல்லை, வார்த்தை அதிகமில்லை, சொல்லும்போது அவர் காது சிவந்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன், சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகப் போயிற்று. நீ வெட்கப்படாதே. யாரிடமும் சொல்லவில்லை. பிலின்னாவிடம் மட்டும் சொன்னேன்.

பூசாரியும் ஊரும் வாசலில் நின்றார்கள். அல்கிப்போஸ், கப்பலை ஆள்பவன், கோட்டையை ஏய்த்தவன் என்று பழைய பட்டத்தோடு நான் சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், துணி மூட்டைக்குள் அவரும்தான். பிள்ளைக்கு வீட்டில் செத்தவர் பேரை வைப்பதுதானே வழக்கம்? "எர்மோன்" என்றேன். கூட்டம் பூசாரியைப் பார்த்தது, பூசாரி, "தாய் சொன்னா சொன்னதுதான்" என்று முடித்துவிட்டார். ஆர்கிப்பே வந்து தன் புருஷனை வாங்கிக்கொண்டு, "வா எர்மோன், வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெருமை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக உன் சாவு எனக்குக் கிடைத்துவிட்டது, இனி நான் யோசிக்க வேண்டாம். உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அங்கே பாதாள வாசலில் காவல் இருக்கிற நாய் பக்கம் போகாதே, அது வாத்தைவிடப் பெரியது. கீழே இருக்கிற சாமிகள் உன்னை ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார வைக்கட்டும். அடுத்த படையலுக்கு அத்திப்பழ அடை சுட்டுக்கொண்டு வருகிறேன்.

உன்
மெலிட்டா

பின்குறிப்பு: மேலே இருப்பது ஒன்றையும் நம்பாதே. தகட்டை இன்னும் சுருட்டவில்லை, ஓரத்தில் இடம் இருப்பதால் எழுதுகிறேன். பெயர் வைத்து மூன்றாம் நாளான இன்று காலை அவர் வந்தார். முக்காலியைக் காட்டினேன், அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சொன்னது பொய்."

"எது? ஈட்டியா, குதிச்சதா?"

"மூணாவது. பெருமையாச் சொன்னா நீ நம்பல. கேவலமாச் சொன்னா நம்புவேன்னு தெரிஞ்சுது. அது எனக்குப் பழகின வேலை."

மிச்சத்தையும் அவரே சொன்னார். எந்தக் கரையில் இறங்கினாலும் அங்கே ஒரு பாறையில் தன் பேரை வெட்டச் சொல்வாராம். கப்பலில் எழுத்து தெரிந்தவன் நீ ஒருத்தன், நான் கற்றுக்கொடுத்த ஜாடி எழுத்து. ஒரு தீவில் பாதி பேர் வெட்டியபோது நல்ல காற்று வந்துவிட்டதாம். பேரைப் பாதியில் விட அவருக்கு மனசு வரவில்லையாம். "நீ இருந்து முடி, ரெண்டு நாள்ல வந்து ஏத்திக்கறேன்" என்று உன்னை உளியோடு விட்டுவிட்டுப் போனாராம். மறுநாளே கப்பல் உடைந்தது. அன்றைக்கு அந்தக் கப்பலில் இல்லாத ஒரே ஆள் நீ.

"அங்க சுனை இருக்கு. காட்டு ஆடு இருக்கு. அத்தி மரம்கூட இருக்கு" என்றார்.

"வந்து பதினஞ்சு நாள் ஆச்சே, ஏன்யா சொல்லல?"

"என் பேரை வெட்டறதுக்காக ஒரு மனுஷனை விட்டுட்டு வந்தேன்னு எந்த வாயால சொல்றது? சொல்லியே இருக்க மாட்டேன். ஆனா தெருவுல போற வர்றவங்கல்லாம் என்னை எர்மோன் எர்மோன்னு கூப்பிடறாங்க. ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்துட்டான்னு திரும்பிப் பாக்கறேன். என்னால முடியலம்மா."

தலையைத் தரையில் வைத்துவிட்டார். வேஷமா என்று குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. இந்த ஆளிடம் எதுவும் தெரிவதில்லை. ஆனால் கீழே துறையில் ஒரு படகுக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார்கள், அதை நானே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், கையில் ஒட்டியது. காற்று மாறினால் நாளைக்கு அந்தத் தீவுக்குக் கிளம்புகிறார். என்னையும் வரச் சொல்கிறார். நான்காவது கதையும் பொய்யாக இருக்கலாம். நிஜமாகவே இருந்தாலும் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. தகடு முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வரிக்குத்தான் இடம். இதை மண்ணுக்குள் போடவா, மடியில் கட்டிக்கொண்டு படகில் ஏறவா?