புது வேட்டி ஆகாத துணிக்கடைக்காரர்

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். சொந்தத் தோலை ஆயுசு முழுக்க அடக்கி ஆண்ட ராஜா ஒரே ஒருவர்தான். அவர் பழவேட்டி நயினார்.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் அவருக்குத் துணிக்கடை. கடை மாடியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என் அறை. கடை முழுக்கப் புதுத்துணி மொடமொடக்கும். முதலாளி மட்டும் நூல் தெரியத் தேய்ந்த வேட்டியில் உட்கார்ந்திருப்பார். மகா கஞ்சன் என்று ஊரே பேசியது. அவருக்குக் கரப்பான் என்னும் தோல் நோய் என்பது வீட்டாருக்கும் எனக்கும்தான் தெரியும். புதுத்துணி பட்டால் கால் தடித்துச் சிவந்து நீர் வடியும்.

"கஞ்சன்னு சொல்லிட்டுப் போறான். கரப்பான்னு தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்?" என்பார்.

அடங்கும், அடியோடு தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நயினார் அசரவில்லை. சோப்பு கிடையாது, பயத்தமாவுதான். குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய். நகத்தை வளரவே விடமாட்டார். அரிப்பு வந்தால் சொறியாமல் இருக்க, கைக்கு வேலை கொடுப்பார். துணியை உதறுவார், மடிப்பார், மறுபடி உதறுவார். கைக்குட்டை வாங்க வந்த ஒருவர், நமக்காக இத்தனை எடுத்துப் போடுகிறாரே என்று கூச்சப்பட்டு நாலு புடவை வாங்கிப் போனார்.

"இது போற சீக்கு இல்ல தம்பி. சம்பந்தி மாதிரி. மரியாதையா வச்சிக்கினா சண்டைக்கு வராது" என்பார் என்னிடம்.

அவருடைய புது வேட்டிகளைப் பழசாக்கும் உத்தியோகமும் எனக்குத்தான். நான் கட்டிக் கட்டித் துவைத்து, மெத்தென்று ஆனதும் வாங்கிக்கொண்டு வேறு புதுசு தருவார். என் வேட்டியைப் பார்த்துத் தாசில்தாருக்கே பொறாமை.

மகளுக்கு மேல்சித்தாமூரில் மாப்பிள்ளை அமைந்தான். மாப்பிள்ளை வீட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் பெண்ணின் அப்பா மணையில் உட்கார வேண்டும். மறுத்தால் அவமதிப்பு. காரணத்தைச் சொன்னால் கல்யாணமே நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். கட்டிக்கொண்டார்.

ஓமச் சூட்டில் அரிப்பு கிளம்பிவிட்டது. மனிதர் சொறியவில்லையே! தோள் துண்டை உதறினார், மடித்தார், உதறினார். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"இன்னா சம்பந்தி, நாங்க குடுத்த வேட்டி புடிக்கலியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நயினார் துண்டை இன்னொரு முறை உதறினார்.

தலை குனிந்திருந்த பெண் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். "எங்க நைனாவுக்குக் கரப்பான். ஒட்டுற சீக்கு இல்ல. புதுத்துணிதான் ஆகாது, கட்டிப் பழசானா ஒத்துக்கும்" என்றாள்.

மாப்பிள்ளை மாமனார் பக்கம் திரும்பினான்.

"போயி பழச கட்டிக்கினு வாங்க மாமா. இத நான் கட்டறேன். தல தீபாவளிக்குப் பழசாக்கிக் கொண்டாறேன்."

அவன் அப்பா வாயைத் திறந்தார். மகன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

சொன்னபடியே கொண்டுவந்தான். மாமனார் மாப்பிள்ளைக்குப் புது வேட்டி கொடுக்க, மாப்பிள்ளை மாமனாருக்குப் பழைய வேட்டி கொடுத்த தலை தீபாவளியை நான் கண்ணாரப் பார்த்தேன். அன்றோடு என் உத்தியோகம் போயிற்று.

நயினார் போயும் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் என் வேட்டி ஒன்று நன்றாகப் பழகி மெத்தென்று ஆகிவிட்டால், கொண்டுபோய்க் கொடுக்க அந்த மனிதர் இல்லையே என்றிருக்கிறது.