அம்புக்குறி போட்ட தெரு

கிழக்குத் தாம்பரம்
ஜூன் 1993

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கு நலம் என்று எழுதுகிறேன். கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெருக்கோடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஹில்டா அக்காவின் கடைசி நேரத்துக்கு நான் ஏன் போய்ச்சேரவில்லை என்று பம்பாயிலிருந்து கேட்டிருக்கிறாய். பதில் பூகோளம் சம்பந்தப்பட்டது.

நாங்கள் மனை வாங்கியபோது என் நகரும் அக்கா நகரும் ஒரே வயல். இரண்டு மனை வியாபாரிகளின் வரைபடத்திலும் தெரு முடியும் இடத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது; எதிர்காலத்தில் தெரு அப்படியே நீளும் என்று பொருள். அம்புகள் ஒன்றையொன்று பார்க்கின்றன என்று அக்காதான் கண்டுபிடித்தாள். அதை நம்பி இருவரும் கடைசி மனையாக வாங்கினோம். வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. பிறகு அக்காவின் நகர்ச் சங்கம் மாடு வராமலிருக்கச் சுவர் எழுப்பி, மனிதர் வராமலிருக்க அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தது. அதுமுதல் மாலை நான்கு மணிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் நான், அந்தப் பக்கம் ஸ்டூலில் அக்கா. சுவருக்கு மேலே மீன் குழம்பு வரும், காலிக் கிண்ணம் போகும்.

அன்று அக்கா முகத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் முகம் தெரிந்தது. "சார், அக்கா ஒரு மாரியா கீறாங்க, சீக்கிரம் வாங்க." ஏறிக் குதிக்கலாம் என்று சுவரில் கை வைத்தேன், கையில் தையல், அதனால்தான் எழுத்து இப்படி. ஆட்டோக்கார சிட்டிபாபுவிடம் சுவரைக் காட்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்றேன். "இன்னா சார், கூப்ட்டா கேக்குற தூரத்துக்கு ஆட்டோவா?" என்று சிரித்தார். வேளச்சேரி ரோட்டுக்குப் போய், முதல் நகரில் நுழைந்தால் தெரு குளத்தில் முடிந்தது, அடுத்ததில் பூட்டிய கேட், அதற்கடுத்ததில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம். வழி கேட்ட ஒவ்வொருவரும் தம் நகரை மட்டும் நன்றாக அறிந்திருந்தார்கள். சிட்டிபாபு சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ஒருவழியாகப் போய்ச்சேர்ந்தபோது அக்கா வீட்டு வாசலில் புஷ்பம் நின்றிருந்தாள். "இத்தினி நேரம் சொவுத்தையே பாத்துகினு இருந்தாங்க சார். நீங்க அந்த வழியாத்தான் வருவீங்கன்னு."

ஆகவே சுவரை இடித்துத் தெருவை இணைக்கும்படி நகராட்சிக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த அதிகாரியிடம் நீயும் சொல்லிவை. இன்னொரு தம்பிக்கு இது நேரக்கூடாது.

யூனிஸுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். உங்கள் ஊரிலாவது தெருக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன் சத்தியநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடப்பாரையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான்கு மணி; நான் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து, இடிக்க வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டேன். நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.