மடையை அடைத்த மாமனார்

பாலக்கரை, திருச்சி
ஆகஸ்ட் 1983

அன்புள்ள மாப்பிள்ளை தைரியராஜ் அவர்களுக்கு, மாமனார் அமிர்தசாமி எழுதுவது. தேவமாதா தயவில் இங்கு யாவரும் சுகம். அங்கே நீங்களும், லூர்துராணியும், உங்கள் சேறும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பெண் கொடுத்தபோது, துறைமுக இன்ஜினியர் என்று கோயில் பங்கு முழுவதும் சொல்லிவைத்தேன். கப்பல் வரும் வழியில் தோண்டிய சேற்றைக் கரையோரம் பரப்பி, அதில் உமரிச் செடி நட்டு, கடல் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிறவர் என்று தரகர் சொல்லவில்லை. ஆடுகூட யோசித்துத் தின்கிற செடிக்கு சர்க்கார் சம்பளம். கேட்டால், "அலை கரைய அரிக்காதுங்க மாமா, மீன்குஞ்சு வந்து தங்கும்" என்றீர்கள். மீன்குஞ்சுக்கு வீடு ஆயிற்று. என் மகள் ஒழுகுகிற குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ரொம்ப சந்தோஷம்.

நான் அங்கே வந்திருந்த சமயம், நீங்கள் மெட்ராஸ் போயிருந்தபோது நடந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள். தொட்டியத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டியே வளர்ந்தவன் நான். கடல் வற்றுகிற நேரம் உங்கள் வரப்பில் மடை திறந்து கிடக்க, தண்ணீரெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. காவிரிக்காரன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பானா? வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி அடைத்தேன். நாற்று மூழ்கி அழுகும் என்று யார் கண்டது? தண்ணீர் வந்து வந்து போனால்தான் பிழைக்குமாம். பயிருக்கு இவ்வளவு பிகு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதற்காக, தலைப்பிரசவத்துக்கு மகளை அனுப்புவது பற்றி ஒரு வரி எழுதாமல் இருப்பது நியாயமா? உங்கள் அத்தை சகாயம்மாள் தினமும், "ஒங்க கை சும்மா இருந்திருந்தா பொண்ணு இந்நேரம் வந்திருக்கும்" என்கிறாள். எனக்கு மனசு தாங்கவில்லை. லூர்துவை ரயில் ஏற்றிவிட்டால் போதும். நீங்கள் வந்து சிரமப்பட வேண்டாம், சேற்றுக்குத் துணை வேண்டுமே. நானும் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், பிறக்கப்போகும் பிள்ளையையும், மிச்சமிருக்கிற நாற்றையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அமிர்தசாமி

பி.கு.: அங்கிருந்து என் செருப்பில் ஒட்டிவந்த சேற்றை அத்தை ரோஜாத் தொட்டியில் தட்டியிருக்கிறாள். அதில் உமரி முளைத்திருக்கிறது. காலையில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மாலையில் வடித்துவிடுகிறேன். ரோஜா பட்டுப்போயிற்று, பரவாயில்லை. உமரியின் நுனி சிவக்கிறதே, அது நோயா, அதன் சுபாவமா? எழுதினால் எனக்குப் புரியாது. லூர்துவைத் தனியே அனுப்ப வேண்டாம். நீங்களே கூட வந்து பாருங்கள்.