கட்டம் போட்ட லுங்கியும் மடப்பள்ளிக் கடவுச்சொல்லும்

கிருத்திகை அன்று கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

திறப்பது, உட்காருவது, பூட்டுவது. நான் கணக்கு வாத்தியார். நடுவில் உள்ளதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த அறையின் உண்மையான அதிகாரி முரளி. திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். சம்பளம் கல்லூரியில், முறை வரும் நாட்களில் கரண்டி மலைமேல். அன்று அவர் முறை.

கம்ப்யூட்டர்களில் இருந்தது லினக்ஸ். அதில் புதிதாக எதையாவது நிறுவ, ரூட் என்கிற தலைமைக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். அது முரளிக்கு மட்டும்தான் தெரியும். முதல்வரே ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"மடப்பள்ளிக்குள்ள வெளி ஆளை வுடுவோமா சார்? இன்னா வேணும்னு சொல்லுங்க. செஞ்சு வெளிய கொண்டாந்து குடுக்கறேன்."

முதல்வர் பிறகு கேட்கவில்லை.

நான் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்த நேரத்தில் கோமளா வந்தாள். இறுதியாண்டு மாணவி. பொதட்டூர்பேட்டை. வீட்டில் தறி. அவளுடைய புராஜெக்ட்டும் தறியைப் பற்றித்தான். எந்த நிறத்தில் எத்தனை நூல் என்று சொன்னால் போதும், கட்டம் போட்ட லுங்கி ஒன்று திரையில் விரியும்.

"சார், லுங்கி வரமாட்டேங்குது."

முரளி போன வாரம்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸைப் புதிதாகப் போட்டிருந்தார். படம் வரைகிற மென்பொருளை மட்டும் மறந்துவிட்டார். மறுநாள் காலை வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். லுங்கி விரியாவிட்டால் கோமளாவுக்கு ஒரு வருடம் வீண்.

"முரளி சார் சாயங்காலம் வருவாரா சார்?"

"எதுக்குமா முரளி?" என்றேன்.

அன்றைய எல்லாத் துன்பத்துக்கும் இந்த இரண்டு சொற்களே பிள்ளையார் சுழி.

ரூட் இல்லாமலும் மென்பொருள் நிறுவலாம் என்று நான் படித்திருந்தேன். படித்ததைச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "ஊர்ப் பொதுச் சமையற்கட்டுக்குள்ள போகத்தான் அனுமதி வேணும். மூலநிரலை எடுத்து, உன் கணக்குக்குள்ளயே, உன் சொந்த வீட்டுலயே சமைச்சுக்கலாம். யாரைக் கேக்கணும்?"

"வேணாம் சார். எதுனா ஆயிடப்போவுது."

"கோமளா, கம்ப்யூட்டர் என்பது தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டது."

மாதப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்று என் பையில் இருந்தது. அதில் மூலநிரலும் இருந்தது. கோமளாவின் கணக்கில் அவிழ்த்துப் போட்டேன். கட்டளை கொடுத்தேன். திரையில் எழுத்துகள் ஓடின. நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஓட்டம் நின்றது. வேறொரு நிரல்தொகுதி இல்லாமல் முடியாதாம்.

"இதுக்கெல்லாம் அசரக்கூடாது" என்று அதையும் அவிழ்த்தேன். அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று மற்றொன்றைக் கேட்டது. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் தன் சம்பந்தியையும் அழைக்கச் சொல்வாரே, அந்த மாதிரி. கடைசியில் ஒன்று வந்து, ஒலி எழுப்பும் மென்பொருள் எங்கே என்று கேட்டது.

"லுங்கி வரையறதுக்கு சவுண்டு எதுக்கு சார்?"

நியாயமான கேள்வி. "அது உள்கட்டமைப்பு" என்றேன். எனக்குத் தெரியாததற்கெல்லாம் நான் வைத்திருக்கும் பெயர் அது.

நான் சமைத்துக்கொண்டிருக்க, கோமளா சும்மா இல்லாமல் தன் நிரலைத் திறந்து, கரையின் நிறத்தை மாற்றிச் சேமித்தாள்.

மறுபடி திறந்து பார்த்தாள்.

"சார்... என் ஃபைல்ல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"ஒண்ணுமே இல்ல சார். ஃபைலு கீது. உள்ள காலி."

ஒவ்வொரு மாணவருக்கும் முரளி கொஞ்சம் இடம்தான் அளந்து விட்டிருந்தார். நான் கூட்டிவந்த விருந்தாளிகள் அதை முழுவதும் அடைத்துக்கொண்டார்கள். எழுத இடமில்லாததால், சேமித்தபோது பழையதும் போனது, புதியதும் வரவில்லை.

"கணக்கை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தா சரியாயிடும்" என்றேன்.

வெளியே போனோம். திரும்ப உள்ளே விடவில்லை. இடமில்லாத வீடு வீட்டுக்காரியையே வாசலில் நிறுத்திவிட்டது.

கோமளா அழவில்லை. அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லியிருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை அழைத்துப்போக, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வாசலில் மொபெட்டோடு நின்றிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நூலு அறுந்துபோச்சா?"

"தறியே போச்சு நைனா" என்றாள் கோமளா.

அவர் மொபெட்டை உதைத்தார். முரளியைத் தேடி மலைக்குப் போக நான் பின்னால் ஏறினேன். அடிவாரம் வரைதான் போக முடிந்தது. காவடிக் கூட்டத்தோடு, அரோகராவோடு, படியேறினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் ஏறியவன் என்று சொல்லமுடியாது.

மடப்பள்ளி வாசலில் நின்றேன். உள்ளே முரளி ஈர வேட்டியில், வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். மூச்சு பட்டால் நைவேத்தியம் ஆகாது. படைத்து முடியும்வரை பேச்சும் கிடையாது.

"முரளி! பாஸ்வேர்டு சொல்லுங்க!"

கரண்டியால் 'அப்பால போ' என்றார்.

"கோமளா ஃபைல் போச்சு!"

கரண்டி நின்றது. என்னையும், என் கையில் மறந்துபோய்ப் பிடித்திருந்த சிடியையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். அது பக்தியால் அல்ல.

நைவேத்தியம் முடிந்து வெளியே வந்து துணியை அவிழ்த்தார். முதல் வார்த்தை: "எவ்ளோ சார் எறக்கி வெச்சீங்க?"

"கொஞ்சம்தான்."

"பட்டுட்டீங்கன்னா எனக்கு இன்னொரு குளியல். தள்ளி வாங்க, மேல படாதீங்க."

கீழே கல்லூரிக்கு வந்து, தோளில் இருந்த துண்டை விசைப்பலகைமேல் திரைபோல விரித்தார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

கோமளா, நைனா, நான் மூவரும் சுவரைப் பார்த்து நின்றோம். நைனா பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சமைத்ததையெல்லாம் முரளி அழித்தார். முந்தைய நாள் மாலை எடுத்துவைத்த நகலிலிருந்து கோமளாவின் நிரல் திரும்பி வந்தது. "எடுத்து வெக்காம இலை போடுவேனா சார்?" என்றார். அடக்கம் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. தன் சிடியைப் போட்டு, ஒரே வரியில் படம் வரையும் மென்பொருளை நிறுவினார். ஒலி ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் லுங்கி விரிந்தது. நைனா குனிந்து பார்த்து, "கரை கலரு கொஞ்சம் மட்டு" என்றார். கோமளா நிறத்தை மாற்றினாள். சேமிக்குமுன் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

மறுநாள் தேர்வாளர் லுங்கியை ரசித்துவிட்டு அவளிடம் கேட்டார்: "இதுக்கு யாராவது உதவி பண்ணாங்களா?"

"ஆங் சார். கணக்கு சார் ஒதவி பண்ணாரு. அதை முரளி சார் வந்து சரி பண்ணிக் குடுத்துட்டாரு."

இப்போதெல்லாம் மலைக்கு மேலும் சரி, கீழும் சரி, இலையில் விழுவதைச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.