நிச்சயதார்த்தப் பையில் ஒரு தக்காளிச் செடி

செங்கற்பட்டு,
12-2-2004

சகல சௌபாக்கியங்களும், கூடவே கொஞ்சம் தாராள மனசும் பெற்று வாழவேண்டிய மைத்துனன் ராஜாராமனுக்கு, மொட்டைமாடி சாம்ராஜ்யத்தின் தக்காளிச் சக்ரவர்த்தியும் உன் அக்காவின் அடிமையுமான தேசிகன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா ஜெகதாம்பாள், முப்பத்தேழு செடிகள் எல்லோரும் சௌக்கியம். முப்பத்தெட்டாவது செடி மட்டும் சௌக்கியமில்லை. அது உன் பெண் ஹம்சினியுடையது. பதறாதே, உட்கார்ந்து படி.

இருபது வருஷமாக நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாணங்களின் தாம்பூலப் பைகளையெல்லாம் உன் அக்கா பரணில் சேர்த்து வைத்திருந்தாள் அல்லவா? ரிட்டையரான மறுநாளே அத்தனையிலும் மண்ணும் எருவும் நிரப்பித் தக்காளி நட்டேன். எதிர்வீட்டுச் சின்னராசு ஏறி வந்து பார்த்து, "இன்னா அண்ணாத்த, பொண்ணு மாப்ள பேரு மேலயே எருவக் கொட்டிக்கினு கீற?" என்று தலையில் அடித்துக்கொண்டான். துணிப்பை என்றால் சும்மாவா! தண்ணீர் தேங்காது, வேர் மூச்சுவிடும். அரைப்படி மண் பிடிக்கும் பையில் கோலிக்குண்டு காய்த்தது. ஒரு மரக்கால் பிடிக்கும் பையில் காய்த்த பழத்தின் நிழலில் நேற்று இரண்டு பூனைகள் படுத்துத் தூங்கின. அந்தச் செடியின் உச்சியில் ஏறினால் மாமல்லபுரத்தில் நீ வாசலில் நின்று பல் தேய்ப்பது தெரிகிறது.

போன மாதம் அடுத்த தெரு சம்பத் பெண்ணின் கல்யாணப் பையில் ஒட்டிக்கொண்டு இரட்டைப் பழம் பழுத்தது. மறுவாரமே அவளுக்கு இரட்டைக் குழந்தை. அவ்வளவுதான்! ஊரே என் மாடிப்படி ஏறுகிறது. அவரவர் வீட்டுப் பையைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். தன் பெண்ணின் செடியில் பூச்சியைப் பார்த்த ஒரு மாமி, நின்ற இடத்திலிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "நெஜத்தச் சொல்லுங்கோ மாப்பிள்ளை!" என்றாள்.

இந்தப் புகழ் உன் சம்பந்தி ஸ்ரீனிவாசராகவன் காதுக்கும் எட்டிவிட்டது. "நம்ம ஹம்சினி, ஹர்ஷவர்தன் செடியப் பாக்க ஞாயித்துக்கிழமை வரேன். அது செழிப்பா இருந்தாத்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்னு ஆத்துல சொல்றா" என்கிறார்! நீயோ நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பை கொடுத்தாயே, மகாபிரபு! இரண்டு வெற்றிலை வைத்தால் அதில் பாக்குக்கு இடமில்லை. உன் பெண்ணின் செடி உங்கள் ஊர்ப் பாறைத் தவசி மாதிரி ஒற்றைக்காலில் நிற்கிறது, இலையெல்லாம் மஞ்சள். ஆகவே, ஒரு தேங்காயும் அதன் குடும்பமும் குடியிருக்கும்படியான கல்யாணப் பையாக அடித்து, முதல் பையைச் சனிக்கிழமைக்குள் கண்டக்டர் ஏசுதாஸ் கையில் கொடுத்தனுப்பு. செடியை மாற்றி நட்டு நான் நிமிர்த்திவிடுகிறேன். பெண்ணின் கல்யாணம் இப்போது உன் தையற்காரர் கையில்!

குழந்தைக்கு என் பரிபூரண ஆசீர்வாதம். உனக்கு, பை வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
தேசிகன்

பி.கு.: இதை ஏசுதாஸிடம் கொடுப்பதற்குள் சம்பந்தி இன்றைக்கே வந்து இறங்கிவிட்டார்! மாடிக்கு ஓடினால், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்காக உன் அக்கா எல்லாப் பைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்து முடித்திருக்கிறாள். ஒரு பையிலும் ஒரு பெயர்கூட மிச்சமில்லை. "நம்மளது எது?" என்றார் சம்பந்தி. இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன். கண்கலங்கிக் கும்பிட்டுவிட்டு, பத்திரிகை அடிக்க நேரே பிரஸ்ஸுக்குப் போயிருக்கிறார். எனவே பை எந்த அளவானாலும் சரி. பெயர் அடிக்கிற மை மட்டும் மட்டமானதாகவே இருக்கட்டும்.