நாற்பத்தொரு குறைகள்

உங்களிடம் என்ன குறை என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் யோசிக்க மாட்டேன். என்னிடம் நாற்பத்தொரு குறைகள் உண்டு. இலக்கம் போட்டு ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறது. தன்னை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதன் கொட்டகலைப் பக்கம் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூச்சம் பிறவியிலேயே வந்தது. இருபது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. செடி திருப்பிப் பேசாது. அப்படிப்பட்டவனைக் கொழுந்து பறிக்கும் முப்பது பெண்களுக்குத் தற்காலிகக் கங்காணியாகப் போட்டார்கள். (ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.)

நிரந்தரமாக வேண்டுமென்றால் நுவரெலியாவில் நடக்கும் தலைமைத்துவப் பயிற்சியில் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் கவ்வாத்துக் கத்தி. என் முதுகு அதற்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. போதாததற்கு என் மனைவி பாக்கியம், "எங்க வீட்டுக் கங்காணி" என்று நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்க, வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தாள்.

பயிற்சி ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. பல தோட்டங்களிலிருந்து உத்தியோகத்தர்கள் டை கட்டி வந்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரையும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். நான் கடைசி மேசையில், விரல் நுழையாத காதுள்ள ஒரு கோப்பையோடு போராடிக்கொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா அழகான தமிழில் பேசினார். தன் குறையைக் கேட்கத் தெரிந்தவன்தான் தலைவன் என்றார். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார். நமக்குக் கீழே வேலை செய்யும் பத்துப் பேரிடம் தனித்தனியாக, ரகசியமாக நம் குறையைக் கேட்டு, எழுதி உறையில் போட்டு ஒட்டி இரண்டு வாரத்தில் கொண்டுவர வேண்டும்.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் சிக்கல் புரிந்தது. எனக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு கங்காணி பத்துப் பெண்களிடம் தனித்தனியாகப் போய், ரகசியமாக, "என்கிட்ட என்ன கொறை?" என்று கேட்டால் லயத்தில் அது என்னவாகும்? அதிலும் கொழுந்து பறிக்கிறவர்களில் பாக்கியமும் ஒருத்தி.

ஆகவே பகிரங்கமாகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் வேலை பிரிப்பதற்காக எல்லோரும் பெரட்டுக்குக் கூடியபோது, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். (முதுகு மட்டுமல்ல, மூளையும் அப்போது சரியில்லை.)

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீங்க என்ன சொல்றீங்கன்னே கேக்கல கங்காணி."

அவர்களில் ஓ.எல். வரை படித்த செல்வி, நான் கொடுத்திருந்த கொப்பியைத் திறந்து அதையே முதலாவது குறையாக எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அணை உடைந்தது. திட்டும்போது ஆளைப் பார்க்காமல் செடியைப் பார்த்துத் திட்டுகிறேனாம். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் முப்பது பேருக்கும் மனசு கஷ்டமாகிவிடுகிறதாம். தினமும் மழை வராது என்று சொல்கிறேனாம். அட்டை கடித்தால் நான்தான் முதலில் ஓடுகிறேனாம். பதினேழாவதாகப் பாக்கியம் எழுந்து, நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதாகச் சொன்னாள். இது வேலை சம்பந்தமானது இல்லையே என்றேன். செல்வி நிமிராமல், "எழுதியாச்சு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் சிரித்துச் சமாளித்தேன். இருபத்தொன்றாவதுக்கு மட்டும் முடியவில்லை. அதைச் சொன்னவள் லெட்சுமி. நான் கங்காணியான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வாயுள்ளவங்களுக்கு நல்ல நெரை குடுக்குறீங்க. பேசாதவளுக்குப் பள்ளத்து நெரை. நான் ஆறு மாசமா பள்ளத்துலதான் நிக்கிறேன்."

உண்மை. சத்தம் போடுகிறவர்களுக்குப் பயந்து மேட்டிலுள்ள நல்ல செடி நிரைகளை அவர்களுக்கே கொடுத்துவந்தேன். கூச்சப்படுகிறவளின் கஷ்டம் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மணி எட்டு. மலையில் ஒரு ஆள் இல்லை. நடுவில் நான் குற்றவாளி மாதிரி தலைகுனிந்து நிற்கிறேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. நாளையிலிருந்து நான் கவ்வாத்துக்கே போகலாம் என்றார்.

யாரும் அசையவில்லை. மூத்தவளான மூக்காயிதான் பேசினாள்.

"இன்னும் ஒம்பது பேரு பாக்கி தொரை. சொல்லிட்டுப் போயிர்றோம். எங்கள இதுவரைக்கும் கேட்டவரு இவரு ஒருத்தருதான்."

சின்னத்துரை மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்து மீதியைக் கேட்டார். நாற்பத்தொன்றில் முடிந்தது. அன்றே நிரைகளை மாற்றினேன். லெட்சுமி மேட்டுக்கு வந்தாள். ஒன்றரை மணி நேரம் வீணாகியும் பின்னேரம் நிறுத்தபோது கொழுந்து ஒரு கிலோகூடக் குறையவில்லை. சின்னத்துரை தராசை இரண்டு முறை பார்த்தார். பிறகு, பயிற்சியை முடித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றார்.

இரண்டாம் வகுப்பில் உறைகளைப் பிரித்தார்கள். "குறை இல்லை", "நல்லவர்", "மிக நல்லவர்." சின்னத்துரையின் பத்து உறைகளிலும் ஒரே கையெழுத்து. என்னிடம் உறையே இல்லை, கொப்பிதான் இருந்தது. பயிற்சியாளர் அம்மா என்னை முன்னால் வந்து வாசிக்கச் சொன்னார். கொப்பியைப் பிரித்து ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒருவர் கேட்கவில்லை என்றார்.

"அதுதாங்க மொதலாவது கொறை" என்றேன்.

மண்டபம் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் என் குரலுக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. ஈரத் துண்டு உட்பட நாற்பத்தொன்றையும் வாசித்தேன். லெட்சுமியின் நிரையை மாற்றியதையும் சொன்னேன். முதலில் எழுந்து கைதட்டியவர் சின்னத்துரை. அந்த மாதமே நான் நிரந்தரக் கங்காணி ஆனேன்.

அதன்பின் ஒருநாள் சின்னத்துரையும் பெரட்டில் நின்று, தொண்டையைக் கனைத்துத் தன் குறைகளைக் கேட்டார். முப்பது பேரும் வானத்தைப் பார்த்தார்கள். "பழகணும் தொரை, ஒடனே வராது" என்று மூக்காயிதான் ஆறுதல் சொன்னாள்.

கொப்பி இப்போது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் என்னைத் திட்டுவதில்லை. இலக்கத்தைச் சொன்னால் போதும். துண்டைக் கட்டிலில் போட்டால் மகள் "பதினேழு" என்பாள். நான் எடுத்துக் காயப்போடுவேன்.

போன வாரம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இந்தக் கதையை, மண்டபமே எழுந்து கைதட்டிய இடத்தைச் சற்று நீட்டியே, சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது.

"நாப்பத்திரண்டு."